நெறோலி: பெயரும் உழைப்பும்

ஒரு பொருளின் பெயரை அறிந்ததும் அதன் வரலாற்றையும் அறிந்துவிட்டதாக எண்ணுதல் மனித இயல்பு. ஆயின், வரலாற்றை மறைக்கும் பெயர்களும் உள. வாசனைத் திரவிய உலகில் பெரிதும் மதிக்கப்படும் நெறோலித் தைலம் இதற்குத் தக்க சான்றாகும்.

கசப்புத் தோடை மரத்தின் வெண்மலர்களிலிருந்து வடிக்கப்படுவது இத்தைலம். ஆசியாவில் தோன்றிய இம்மரத்தை மத்தியதரைக் கடற்கரைகளுக்குக் கொண்டு சென்றவர் அரபு மக்கள். அரபு மொழியில் ‘நாரஞ்ச்’ என வழங்கும் அதன் பெயர், நமது ‘நாரத்தை’யோடு உறவுடைய திராவிட மூலத்திலிருந்து சமஸ்கிருதம், பாரசீகம் வழியாகச் சென்றதென மொழியியலாளர் பலர் கருதுவர். மரத்தின் பெயரில் பல மக்களின் வழித்தடம் தெரிகின்றது. தைலத்தின் பெயரிலோ ஓர் இளவரசி மட்டுமே தெரிகின்றாள்.

1642இல் பிறந்த பிரெஞ்சுப் பிரபுகுலப் பெண்ணான ஆன் மரி, இத்தாலியின் ஓர்சினி குடும்பத்தில் மணமுடித்து, உரோமாபுரிக்கு அண்மையிலுள்ள நெறோலா என்னும் ஊரின் இளவரசியானார். தம் கையுறைகளுக்கு இத்தைலத்தால் மணமூட்டி, உயர்குடியினரிடையே அதனைப் பரப்பினார் என்பர். கையுறைக்கு மணம் எதற்கு? பதனிட்ட தோலின் துர்நாற்றம் பிரபுக்களின் கைகளிலும் ஒட்டிக்கொண்டது. தோல் பதனிடுவோர் நிறைந்த தென் பிரான்சின் கிறாஸ் நகரில் வாசனைத் தொழில் வளர்ந்ததும் இத்தேவையினாலேயே. பின்னர், 18ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியின் கொலோன் நகரிலிருந்து பரவிய ஓடிக்கொலோனிலும் நெறோலி சிறப்பிடம் பெற்றது.

இம்மணத்தின் விலையை யார் செலுத்தினர்? ஒரு தொன் மலரை நீராவியால் வடித்தால் ஏறத்தாழ ஒரு கிலோ தைலமே கிடைக்கும். வசந்தத்தின் சில வாரங்களே மலரும் பூக்களைக் கையாற் கொய்து, வாடுமுன் வடிசாலை சேர்க்க வேண்டும். இந்த அவசரமே ஆலை முதலாளியின் பலமாயிற்று. நெல்லைக் களஞ்சியத்தில் வைத்து விலை பேசலாம்; மலரை வைத்து விலை பேச இயலுமா?

கிறாசுக்கு அண்மையிலுள்ள வலோரிஸ் விவசாயிகள் இக்கேள்விக்குச் செயலால் விடையளித்தனர். 1904இல் ‘நெறோலியம்’ என்னும் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவித் தம் மலர்களைத் தாமே வடிக்கலாயினர். இளவரசியின் ஊர்ப்பெயர் உழைப்பாளரின் சங்கத்துக்கு உரியதாயிற்று.

எனினும் துன்பங்கள் வேறு திசைகளிலிருந்தும் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெறோலியின் மணக்கூறுகளை இரசாயனவியலாளர் இனங்காணத் தொடங்கியதும் மலிவான செயற்கை மணங்கள் சந்தைக்கு வந்தன. 1956 பெப்ரவரியின் கடும் உறைபனி அக்கரையின் தோடை மரங்களைப் பெருமளவில் அழித்தது. இன்று நெறோலி பெரும்பாலும் தூனிசியா, மொறோக்கோ, எகிப்து ஆகிய நாடுகளிலிருந்து வருகின்றது. தூனிசியாவின் நபூல் பகுதியில் மரங்களின் கீழ்த் துணி விரித்து மலர் கொய்வோருட் பெண்கள் பலர். வடித்த தைலத்தின் பெரும்பகுதி கடல் கடந்து ஐரோப்பிய வாசனைக் கூடங்களைச் சென்றடைகின்றது.

2018இல் யுனெஸ்கோ, கிறாஸ் பிரதேசத்தின் வாசனைக் கலைத்திறனை மனித குலத்தின் மரபுரிமையாக ஏற்றபோது, மணச்செடி வளர்ப்போரின் அறிவையும் அதனுட் சேர்த்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் பாராட்டுப் பத்திரம் கூலியை உயர்த்துவதில்லை. மலரின் விலையைப் பேசும் உரிமை, அதனைக் கொய்யும் கைகளுக்குக் கிடைக்க வேண்டும். 1904இல் வலோரிஸ் விவசாயிகள் வகுத்த அப்பாடம் இன்னும் பழமையாகிவிடவில்லை.