மேற்கோள் எண்ணிக்கையும் துறை வேறுபாடும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆய்வாளரின் பணியை எண்களால் மதிப்பிடும் வழக்கம் இன்று பணியமர்த்தம், பதவி உயர்வு, நிதிநல்கை ஆகியவற்றை முடிவுசெய்யும் நிலைக்கு வளர்ந்துள்ளது. இவ்வெண்கள் எத்தேவைக்காகத் தோன்றின என்பதையும், ஒரு துறைக்குரிய எண்ணைப் பிறிதொரு துறைக்குரிய எண்ணோடு ஒப்பிடுவது எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

நூலகத் தேவையில் பிறந்த எண்

சிறிய கல்லூரி நூலகம் ஒன்று எந்த வேதியியல் இதழ்களை வாங்க வேண்டும்? 1927ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் குரோஸ் என்னும் பெயருடைய இருவர் இவ்வினாவை எழுப்பினர். அமெரிக்க வேதியியல் கழக இதழின் 1926ஆம் ஆண்டுத் தொகுதியில் இடம்பெற்ற மேற்கோள்களை எண்ணி விடை கண்டனர். 1948இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் நடைபெற்ற அஸ்லிப் மாநாட்டில் ‘லைப்ராமெட்ரி’ என்னும் கருத்தை முன்வைத்தவர், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய சீ. இரா. அரங்கநாதன். நூலகப் பணிகளைக் கணிதத்தின் துணையால் செம்மைப்படுத்துவதே அவர்தம் நோக்கம்.

1955இல் யூஜின் கார்ஃபீல்ட் அறிவியலுக்கான மேற்கோள் அடைவை முன்மொழிந்தார். 1873 முதல் அமெரிக்க வழக்கறிஞர்கள் பயன்படுத்திவந்த ஷெப்பர்டின் தீர்ப்பு அடைவே அதற்கு முன்மாதிரி. ஒரு கருத்து பிற்காலத்தில் எங்கெங்குக் கையாளப்பட்டது என்பதைத் தேடிக் காண்பதே அதன் முதன்மைப் பயன். ஆகவே, தொடக்கத்தில் இவ்வெண்ணிக்கை தேடலுக்கும் தெரிவுக்குமான கருவியாகவே இருந்தது.

இதழிலிருந்து ஆய்வாளருக்கு

1975 முதல் வெளிவந்த இதழ் மேற்கோள் அறிக்கைகள் தாக்கக் காரணியைப் பரவலாக்கின. அஃது இதழுக்குரிய அளவை. தனி ஆய்வாளருக்குரிய அளவையாக எச்-குறியீட்டை 2005இல் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் அறிமுகப்படுத்தினார். குறைந்தது 20 மேற்கோள்கள் பெற்ற கட்டுரைகள் 20 இருப்பின் ஒருவரது குறியீடு 20 ஆகும். அக்கட்டுரையில் இயற்பியலாளர் எட்வர்ட் விட்டனுக்கு 110 எனவும், உயிர் அறிவியலாளர் சாலமன் ஸ்னைடருக்கு 191 எனவும் ஹிர்ஷ் கணக்கிட்டிருந்தார். இவ்வேறுபாட்டைக் கொண்டு ஸ்னைடரை விட்டனினும் மேம்பட்டவராகக் கொள்ள இயலாது. கட்டுரைகளின் பெருக்கம், ஒவ்வொரு கட்டுரையும் சுட்டும் மேற்கோள்களின் அளவு, கூட்டாசிரியர் எண்ணிக்கை ஆகியன துறைதோறும் மாறுபடுகின்றன. துறைக்கேற்ப எண்கள் வேறுபடும் என்பதை ஹிர்ஷே குறிப்பிட்டுள்ளார்.

திருத்தமும் அதன் எல்லையும்

2008இல் ரடிக்கி, ஃபோர்ச்சுனாட்டோ, கஸ்டெலானோ ஆகியோர் இதற்குத் தீர்வு ஒன்றைக் காட்டினர். ஒரு கட்டுரை பெற்ற மேற்கோள்களை, அதே ஆண்டில் அதே துறையில் வெளிவந்த கட்டுரைகளின் சராசரியால் வகுத்தால், பல துறைகளின் மேற்கோள் பரவல்கள் ஏறக்குறைய ஒன்றிவிடும் என்பது அவர்கள் முடிவு.

ஆயினும், இம்முறைக்குத் தேவையான சராசரி தரவுத்தளத்திலிருந்தே பெறப்படுகிறது. தரவுத்தளத்தில் இடம்பெறாத துறைக்கு இத்திருத்தம் பயன்படாது. உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. அதன் வழிப்பட்ட ஆய்வுகளுள் பெரும்பகுதி தமிழ் நூல்களிலும் பதிப்புரைகளிலும் அடிக்குறிப்புகளிலும் உள்ளது. இதழ்களை அடிப்படையாகக் கொண்ட அடைவுகள் அவற்றை எண்ணுவதில்லை. சுழியை எச்சராசரியால் வகுத்தாலும் சுழியே எஞ்சும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒரு கட்டுரைக்கு அறிவியல் துறைகளில் 8 மதிப்பெண்ணும், மொழி, மானுடவியல் துறைகளில் 10 மதிப்பெண்ணும் வழங்கின. எனினும், தாக்கக் காரணியற்ற இதழுக்குக் கூடுதலாக 5 மதிப்பெண்ணும், 2 முதல் 5 வரை தாக்கக் காரணியுடைய இதழுக்குக் கூடுதலாக 20 மதிப்பெண்ணும் அவற்றிலேயே வகுக்கப்பட்டன. மொழித்துறைக்கு அளிக்கப்பட்ட 2 மதிப்பெண் சலுகையை இவ்விதி எளிதில் விஞ்சிவிடுகிறது.

முடிவுரை

2015இல் வெளிவந்த லெய்டன் அறிக்கையின் பத்து நெறிகளுள், துறை வேறுபாட்டைக் கருதுதல், வட்டாரப் பொருண்மையுடைய ஆய்வைக் காத்தல், தனி ஆய்வாளரை அவர்தம் பணிகளின் தரம் நோக்கி மதிப்பிடல் ஆகியன அடங்கும். தமிழாய்வைப் பொறுத்தவரை, சராசரியைத் திருத்துவதற்கு முன் செய்ய வேண்டுவது நூல்களையும் பதிப்புகளையும் உள்ளடக்கிய மேற்கோள் அடைவை உருவாக்குதலாகும். அதுவரை, துறை வல்லார் ஒருவரின் படைப்பைப் படித்துக் கூறும் மதிப்பீட்டின் இடத்தை எந்த எண்ணும் நிரப்ப இயலாது.