மாடுலர் சிந்தசைசர் வடிவங்கள்

மாடுலர் சிந்தசைசர் என்பது அலையியற்றி, வடிகட்டி, பெருக்கி போன்ற தனித்தனி மின்சுற்றுகளைக் கேபிள்களால் இணைத்து ஒலி எழுப்பும் மின்னணு இசைக்கருவி. இதில் ஒவ்வொரு சுற்றும் ஒரு மாடுல். மாடுலின் உயரம், அகலம், ஜாக் வகை, மின்வழங்கியின் அளவு, சமிக்ஞை மரபு ஆகியவற்றை வரையறுக்கும் தொகுப்பு ‘வடிவம்’ எனப்படுகிறது. ஒரே வடிகட்டிச் சுற்று பல வடிவங்களில் கிடைப்பதுண்டு. ஆகவே, எவை ஒரே பெட்டியில் சேரும், கருவி கைக்கு எப்படிப் பழகும் என்பவற்றையே வடிவம் பெரிதும் தீர்மானிக்கிறது.

தோற்றம்

1964இல் நியூயார்க் மாநிலத்தில் ராபர்ட் மூக், இசையமைப்பாளர் ஹெர்பர்ட் டாய்ச்சுடன் சேர்ந்து தம் முதல் மாடுல்களை உருவாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில் டான் புக்லா, சான் பிரான்சிஸ்கோ டேப் மியூசிக் சென்டருக்காக ஒரு கருவியை வடிவமைத்தார். மூக் கருவி விசைப்பலகையோடு பழகியது. புக்லா அதைத் தவிர்த்துத் தொடுதகடுகளையும், மின்னழுத்தங்களை வரிசையாக அனுப்பும் சீக்வென்சரையும் முன்னிறுத்தினார். இரு மரபுகளும் இரு வேறு அளவுகளாக நிலைத்தன.

முக்கிய வடிவங்கள்

5யூ: மூக் வழிவந்தது. ஒரு ‘யூ’ 44.45 மி.மீ. என்பதால் முகப்புத் தகட்டின் உயரம் சுமார் 22 செ.மீ. 6.35 மி.மீ. ஜாக்குகளும் பெரிய குமிழ்களும் கொண்டது. பெரும்பாலும் ±15 வோல்ட்டில் இயங்கும். கைக்கு வசதி, இடத்துக்குச் சுமை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அமைத்த ஒலிக்கூடத்தில் இருந்ததும் மூக் மாடுலர் கருவியே.

4யூ: புக்லா கருவிகளுக்கும், 1970களில் செர்ஜ் செரெப்னின் உருவாக்கிய கருவிகளுக்கும் உரியது. சுருதி போன்றவற்றை ஆளும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்துக்கு வாழைச் செருகி (பனானா பிளக்) பயன்படுகிறது. ஒன்றன் முதுகில் மற்றொன்றைச் செருகலாம் என்பதால் ஒரு சமிக்ஞையைப் பல இடங்களுக்குப் பிரிக்கத் தனி மாடுல் தேவையில்லை. புக்லா ஒலிச் சமிக்ஞைக்கு வேறு ஜாக்கை ஒதுக்கினார். செர்ஜ் இரண்டுக்கும் வாழைச் செருகியையே வைத்தார்.

யூரோராக்: ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் 1995இல் ஏ-100 தொகுப்புடன் தொடங்கியது. ஆய்வகக் கருவிச் சட்டங்களின் 3யூ அளவை எடுத்துக்கொண்டது: தகட்டின் உயரம் 128.5 மி.மீ.; அகலத்தின் அலகு 5.08 மி.மீ. கொண்ட ‘எச்.பி.’. 3.5 மி.மீ. ஜாக்கும் ±12 வோல்ட் மின்வழங்கியும் உடையது. பிற தயாரிப்பாளர்களும் இந்த அளவைப் பின்பற்றியதால் இன்று மிகப் பரவலான வடிவம் இதுவே.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

பல தயாரிப்பாளர்களின் மாடுல்களைச் சிறு பெட்டியில் கலந்து வைக்க விரும்புவோருக்கு யூரோராக் பொருந்தும். ஆனால் நெருக்கமான குமிழ்களை மேடையில் திருகுவது எளிதன்று. பெட்டி வாங்கும்முன் எல்லா மாடுல்களும் இழுக்கும் மில்லியாம்பியரை ஒவ்வொரு மின்தடத்துக்கும் தனித்தனியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். யூரோராக்கின் பட்டைக் கேபிளில் சிவப்புக் கோடு -12 வோல்ட்டைக் குறிக்கும். தலைகீழாகச் செருகினால் பாதுகாப்புச் சுற்று இல்லாத மாடுல் எரிந்துபோகலாம். செலவின்றிப் பழக, 2017இல் வெளியான வி.சி.வி. ராக் என்ற கணினி மென்பொருள் யூரோராக்கையே திரையில் காட்டுகிறது.

வடிவங்களைக் கலத்தல்

5யூ, யூரோராக் இரண்டும் பொதுவாகச் சுருதிக்கு ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட் என்ற கணக்கைப் பின்பற்றுவதால், இருமுனையும் வேறான கேபிளே பெரும்பாலும் போதும். புக்லா 200 வரிசையில் அது 1.2 வோல்ட் என்பதால், அளவை மாற்றாமல் இணைத்தால் சுருதி சேராது. வாழைச் செருகியில் ஒரே கம்பிதான் உண்டு என்பதால், இரு பெட்டிகளின் தரை இணைப்பையும் முதலில் ஒன்றாக்க வேண்டும்.