நட்டு வளர்த்த நகரம்

மலாய் மொழியில் ‘தெலோக்’ என்றால் விரிகுடா. ‘ஆயர்’ என்றால் தண்ணீர். சிங்கப்பூரின் தெலோக் ஆயர் வீதியில் நின்று நான் சுற்றுமுற்றும் பார்த்தபோது தண்ணீர் எங்கும் தென்படவில்லை. வானுயர்ந்த அலுவலகக் கட்டடங்களே கண்ணுக்குப்பட்டன. ஆனால் இற்றைக்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர் இந்த வீதிதான் கடற்கரை. தென்னிந்தியக் கரையோர ஊர்களிலிருந்து பாய்க்கப்பல் ஏறி வந்த, ‘சூலியா’ என்றழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் 1827இல் இங்கே ஒரு குடிசையைத் தொழுமிடமாக்கினார்கள். ‘குச்சுப் பள்ளி’ என்று வழங்கிய அந்தப் பள்ளிவாசல் இன்று அல் அப்ரார் என்ற பெயருடன் கற்கட்டடமாக நிற்கிறது. சற்றே தள்ளி நாகூர் தர்கா. நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் அவர்களின் நினைவாக 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பப்பட்டது. கீழே ஐரோப்பியப் பாணி வளைவுகள். மேலே நாகூரை நினைவூட்டும் சிறு மினாராக்கள். இவ்விரண்டும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டன.

கடல் தானாக விலகிப் போகவில்லை. 1879 முதல் இந்த விரிகுடா மண்ணிட்டு நிரப்பப்பட்டது. அந்த வேலை இன்னும் ஓயவில்லை. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீற்றராக இருந்த சிங்கப்பூரின் நிலப்பரப்பு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. 2012இல் திறக்கப்பட்ட, 101 ஹெக்டேயர் பரப்புள்ள கரையோரப் பூந்தோட்டங்களும் இவ்வாறு கடலை நிரப்பிப் பெற்ற நிலத்திலேயே அமைந்துள்ளன. அங்கே 25 முதல் 50 மீற்றர் வரை உயர்ந்த 18 ‘பெருமரங்கள்’ நிற்கின்றன. உருக்காலும் கொங்கிறீற்றாலும் ஆன மரங்கள்; அவற்றின் உடலெங்கும் உயிருள்ள கொடிகள். பார்ப்பவர் வியக்காமல் இருக்க முடியாது.

எனினும் என்னை அதிகம் கவர்ந்தவை வீதியோரத்து மழைமரங்களே. தூங்குமூஞ்சி என்று தமிழில் சொல்வோமே, அந்த மரம். தென்னமெரிக்காவிலிருந்து 1876இல் சிங்கப்பூருக்கு வந்த அந்நியன். குடைபோல விரியும் அதன் கிளைகள் இருபுறமிருந்தும் வந்து நடுவீதியில் கைகோத்துக்கொள்கின்றன. தார் வீதியின் வெக்கை அங்கே தெரிவதில்லை.

இந்த நிழல் இயற்கை தந்த கொடையென எண்ணுவோர் உண்டு. உண்மை வேறு. 1963 ஜூன் 16ஆம் திகதி பிரதமர் லீ குவான் யூ ஒரு மெம்பாட் மரக்கன்றை நட்டு மரநடுகை இயக்கத்தைத் தொடக்கி வைத்தார். 1967இல் ‘பூங்கா நகரம்’ என்பது அரசின் கொள்கையாயிற்று. 1971 முதல் ஆண்டுதோறும் மரநடுகைத் தினம். 1975இல் பூங்காக்கள், மரங்கள் பற்றிய சட்டம் வந்தது. வீதி அமைப்பவரும் வீடு கட்டுபவரும் வாகனத் தரிப்பிடம் அமைப்பவரும் மரத்துக்கென நிலம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்றாயிற்று. 2009இல் வந்த ஏற்பாடு இன்னும் ஒருபடி மேலே போனது. நகர மையம் போன்ற குறிப்பிட்ட பகுதிகளில், கட்டடம் விழுங்கும் பசுமையை அந்தக் கட்டடத்திலேயே ஈடுசெய்ய வேண்டும். 2013இல் திறக்கப்பட்ட பிக்கரிங் வீதி ஹோட்டலில் மாடிக்கு மாடி தோட்டம் தொங்குவதை இந்தப் பின்னணியில்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். அது கட்டடக் கலைஞரின் கற்பனை மட்டுமல்ல.

இலங்கையர் ஒருவர் இவற்றைப் பார்க்கும்போது கொழும்பை நினைக்காமல் இருக்க இயலாது. பற்றிக் கெடிஸ் என்ற நகரத் திட்டமிடலாளர் 1921இல் கொழும்பைக் கிழக்கின் பூங்கா நகராக்கும் திட்டமொன்றை வரைந்தார். லீ குவான் யூ 1956இல் கொழும்புக்கு வந்தபோது, அன்றைய சிங்கப்பூரைவிட இந்நாடு வசதிகளில் மேம்பட்டிருந்ததைக் கண்டார். பின்னர் தமது நினைவுக் குறிப்புகளிலும் அதனை எழுதினார். திட்டம் நம்மிடமும் இருந்தது, மரங்களும் இருந்தன. அவற்றைக் காக்கும் சட்டமும் அச்சட்டத்தை விடாமல் நிறைவேற்றும் நிர்வாகமுமே அவர்களிடம் கூடுதலாக இருந்தன.

ஆனால் இந்தப் பசுமைக்கு ஒரு விலையும் உண்டு. 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடர்மாடிகளை எழுப்ப எழுப்ப, கம்பங்கள் எனப்படும் கிராமங்கள் கலைந்தன. கிராமத்தோடு அங்கிருந்த சிறு பள்ளிவாசல்களும் சூராவ்களும் மறைந்தன. 1975இல் முஸ்லிம் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் சிறுதொகை சேர்க்கும் பள்ளிவாசல் நிதி ஏற்படுத்தப்பட்டது. அந்நிதியில் எழுந்த முதற் பள்ளிவாசல் 1977இல் தோ பாயோவில் திறக்கப்பட்டது. அதன் பெயர் முஹாஜிரீன், அதாவது இடம்பெயர்ந்தோர். அந்தச் சொல்லின் பாரத்தை எமது வட புலத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இடம்பெயர்ந்தவர்கள் உயிரோடிருந்தவர்கள் மாத்திரமல்லர். பிடாடரி என்ற இடத்தில் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அடங்கியிருந்த பெரிய மையவாடிகள் இருந்தன. 1972இல் அவை மூடப்பட்டன. 2001 முதல் 2006 வரையான காலத்தில் பல்லாயிரம் கப்றுகள் தோண்டப்பட்டன. முஸ்லிம்களின் எச்சங்கள் சுவா சூ காங்கிற்குக் கொண்டு செல்லப்பட்டு மீள அடக்கப்பட்டன. அங்கும் நிரந்தரம் இல்லை. 1998இல் வந்த விதியின்படி ஒரு கப்றுக்கு 15 ஆண்டுகள்தான் தவணை. அதன் பின் எச்சங்களை எடுத்து, முஸ்லிம்களாயின் பலரை ஒரே குழியில் சேர்த்து அடக்குவார்கள். பழைய பிடாடரியில் இப்போது தொடர்மாடி வீடுகள். நடுவே 2024இல் திறக்கப்பட்ட பூங்கா. அதிலுள்ள குளம், அருகே ஒருகாலத்தில் பொதுமக்களுக்கென ஏரித் தோட்டம் அமைத்த அல்காப் என்ற அரபுக் குடும்பத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. மழைவெள்ளத்தைத் தேக்கி வைப்பதும் அக்குளத்தின் வேலை.

என்னை அங்கே அழைத்துச் சென்ற உறவினரின் பாட்டனார் முன்பு அங்குதான் அடங்கியிருந்தார். “இப்போது எங்கே?” என்று கேட்டேன். “சுவா சூ காங்கில், வேறு சிலரோடு” என்றார். மனக்குறை இல்லையா என்று விசாரித்தேன். “நான் ஒவ்வொரு நாள் சுபஹுக்குப் பிறகும் இங்கேதான் நடக்கிறேன். நடக்கும்போது அவருக்காக ஒரு பாத்திஹா ஓதிக்கொள்வேன். பூங்கா என்று வந்தபடியால்தானே எனக்கு இங்கே வர முடிகிறது” என்றார். அவர் சொன்னதில் ஆறுதலும் இருந்தது, இழப்பும் இருந்தது. எது கூடுதல் என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

நமது நகரங்களை அழகுபடுத்தும் பேச்சு எழும்போதெல்லாம் சிங்கப்பூரின் பெயர் உதாரணமாகச் சொல்லப்படுகிறது. கொழும்பிலும் 269 ஹெக்டேயர் கடல் நிலமாகிவிட்டது. அங்கே எத்தனை மரம் நடப்படும் என்று கேட்பது நல்லது. அந்த மரத்தை வெட்டவிடாத சட்டம் எது, அதன் நிழல் யாருக்குக் கிடைக்கும், அந்த இடத்தில் முன்பு வலை வீசியவர் இப்போது எங்கே போகிறார் என்பவற்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். இக்கேள்விகளைக் கேட்காமல் சிங்கப்பூரின் மரங்களை மட்டும் இரவல் கேட்பதில் பயனில்லை.