டோவர் துறைமுகமும் சிறு படகின் நங்கூரமும்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடல் சுமார் 33 கிலோமீட்டராகக் குறுகும் இடத்தில் அமைந்திருப்பதே டோவர் துறைமுகத்தின் செல்வத்துக்கும் தொல்லைக்கும் காரணம். பயணிகளையும் வண்டிகளையும் இரு கரைக்கும் இடையே சுமந்து செல்லும் ஃபெர்ரி கப்பல்கள் இரவு பகலாக வந்துபோகும் இத்துறைமுகத்தில், யாட் எனப்படும் உல்லாசப் பாய்மரப் படகில் வருவோர் நங்கூரம் பாய்ச்சித் தங்குவதற்கும் இருபதாம் நூற்றாண்டில் ஓர் இடம் இருந்துவந்தது. அது அவர்களை நினைத்து வகுக்கப்பட்ட இடம் அன்று என்பதையும், முதலில் போர்க்கப்பல்களும் பின்னர் வணிகக் கப்பல்களும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டபின் எஞ்சிய நீர்ப்பரப்பே சிறு படகுக்கு வாய்த்தது என்பதையும் துறைமுகத்தின் வரலாறு காட்டுகிறது.

டோவரில் அலைகளைத் தடுக்கும் பெருஞ்சுவர்கள் எழுவதற்கு முன்பு, சாதகமான காற்றை எதிர்பார்த்திருந்த பாய்க்கப்பல்கள் வடக்கே டீல் என்னும் ஊருக்கு எதிரில் டவுன்ஸ் என்று வழங்கும் திறந்த கடலிலேயே நின்றன. கிழக்கே கிடக்கும் குட்வின் மணல்திட்டு அலையின் வேகத்தை ஓரளவு முறித்ததாலும் மேற்குக் காற்றை நிலம் மறைத்ததாலும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் ஒரே வேளையில் அங்கே தங்க முடிந்தது; ஆயினும் அந்தத் திட்டே காற்றுத் திசை மாறியதும் எமனாகவும் ஆயிற்று. 1703 நவம்பர் இறுதியில் வீசிய பெரும்புயலில் சணல் வடங்கள் அறுந்தும் நங்கூரங்கள் இழுபட்டும் போக, நான்கு அரசுப் போர்க்கப்பல்கள் குட்வின் திட்டில் மோதி உடைந்தன. அவற்றில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இந்த ஆபத்தைச் சார்ந்தே ஒரு தொழில் வளர்ந்தது. நங்கூரத்தையும் வடத்தையும் இழந்த கப்பலுக்கு உடனே வேறொன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் டீல் படகோட்டிகள் பெயர் பெற்றிருந்தனர். பல எடைகளில் நங்கூரங்களைக் கரையில் தயாராக வைத்திருந்து, உதவி கேட்கும் குறிப்பு கப்பலில் தெரிந்த மாத்திரத்தில், கூழாங்கற்கள் நிறைந்த கரைச்சரிவிலிருந்து படகைச் சறுக்கவிட்டுக் கொந்தளிக்கும் அலைக்குள் செலுத்துவது அவர்கள் வழக்கம். கூலி பெரும்பாலும் நடுக்கடலில், கப்பல் தலைவன் மறுத்துப் பேச முடியாத நிலையில் பேசப்பட்டது. புயல் ஓய்ந்தபின் இரு படகுகளுக்கிடையே கயிற்றைத் தொங்கவிட்டுக் கடலடியைத் துழாவி, அறுந்து கிடந்த நங்கூரங்களை எடுத்து மீண்டும் காசாக்கினர். உயிர் காக்கும் வீரர் என்ற புகழும் கொள்ளைக்காரர் என்ற பழியும் அவர்களுக்கு ஒருசேரக் கிடைத்ததில் வியப்பில்லை. இரண்டுக்கும் அவர்கள் தகுதியுடையவர்களாகவே இருந்திருக்க வேண்டும்.

டோவரின் சிக்கல் வேறுவகையானது. கரையோர அலை மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓயாமல் தள்ளிவரும் கூழாங்கற்கள் துறையின் வாயிலில் குவிந்து அதை அடைத்துக்கொண்டே இருந்தன. 1583-ல், ரோம்னி சதுப்புநிலத்தில் கடற்கரை அணைகட்டிப் பழகியவர்களின் முறையைப் பின்பற்றி, வண்டி வண்டியாக மண் கொட்டிக் கரை எழுப்பி, நீரைத் தேக்கிவைத்துக் கடல் வற்றும் வேளையில் திறந்துவிட்டு வாயிற் கற்களை அடித்துச் செல்லும் ஒரு பெருங்குளம் அமைக்கப்பட்டது. கற்களை வெல்ல அது போதவில்லை. பிற்காலத்தில் அக்குளமே வெலிங்டன் கப்பல்துறையாக மாற்றப்பட்டு, இறுதியில் யாட்டுகளைக் கட்டிவைக்கும் இடமாயிற்று.

இன்று காணப்படும் பரந்த வெளித்துறைமுகம் பிரிட்டிஷ் கடற்படையின் படைப்பு. 1840-களின் இறுதியில் தொடங்கப்பட்ட அட்மிரால்டி அலைதாங்கியை நீட்டி, கிழக்கில் ஒரு கரமும் தெற்கில் நிலத்தோடு இணையாமல் நிற்கும் ஒரு நெடுஞ்சுவரும் கட்டி, 600 ஏக்கருக்கு மேற்பட்ட கடலை வளைத்த பணி 1898-ல் தொடங்கி 1909 அக்டோபரில் நிறைவெய்தியது. கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு வாயில்கள் விடப்பட்டன. போர்க்கப்பல் அணிவகுப்பு ஒன்று முழுவதும் உள்ளே நிற்கவேண்டும் என்ற நோக்கில் கட்டப்பட்டதால், சிறு படகுக்கு இச்சுவர்கள் தரும் புகலிடம் அரைகுறையானது. வாயில் வழியே நுழையும் அலை செங்குத்தான கற்சுவர்களில் மோதித் திரும்பி, காற்று ஓய்ந்த பிறகும் நீரைக் கலக்கிக்கொண்டிருக்கும். வாயில்களுக்குக் குறுக்கே ஓடும் வலிய நீரோட்டமோ, மெதுவாக வரும் படகை நுழையும் தறுவாயில் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

1918 செப்டம்பரில் துறைமுகத்துக்குள்ளேயே தீப்பற்றிய கிளாட்டன் என்னும் போர்க்கப்பலை, அதன் வெடிமருந்து அருகிலிருந்த வெடிபொருள் கப்பலையும் ஊரையும் அழித்துவிடும் என்று அஞ்சி, தளபதி ரோஜர் கீய்ஸின் ஆணைப்படி சொந்தக் கடற்படையே டார்பிடோ வீசி மூழ்கடித்தது. நங்கூரம் சிக்கிக்கொள்ளும் சிதைவாகப் பல ஆண்டுகள் கிடந்த அக்கப்பல் 1925-26-ல் கரையோரமாக நகர்த்தப்பட்டது. பின்னர் அதன்மேல் மண் நிரப்பப்பட்டு, கார் ஏற்றும் ஃபெர்ரி முனையம் விரிந்தது.

கடற்படை 1923-ல் துறைமுகத்தை டோவர் துறைமுக வாரியத்திடம் ஒப்படைத்தது. முதலாம் ஜேம்ஸ் மன்னரின் 1606-ஆம் ஆண்டுச் சாசனத்தால் தோன்றிய அமைப்பு அது. 1928-ல் ஸ்டூவர்ட் டவுன்சென்ட் நிலக்கரிக் கப்பல் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பாரந்தூக்கியால் கார்களைத் தூக்கி ஏற்றிப் பிரான்சுக்குக் கொண்டுசென்றார். 1936-ல் ரயில் பெட்டிகளையே ஏற்றும் கப்பல் வந்தது. 1953-ல் கிழக்குத் துறையில், வண்டிகள் தாமே ஓடி ஏறும் சாய்தளங்கள் இரண்டுடன் முனையம் திறக்கப்பட்டது. இந்த மூன்றாவது மாற்றமே சிறு படகின் நிலையை முடிவுசெய்தது எனலாம், ஏனெனில் பாரந்தூக்கிக்காக மணிக்கணக்கில் காத்துநின்ற கப்பல்கள் இனி அட்டவணைப்படி வந்து உடனே திரும்பத் தொடங்கின. கிழக்கு வாயிலுக்கும் முனையத்துக்கும் இடைப்பட்ட நீர் நிரந்தரப் போக்குவரத்துப் பாதையாகிவிட, ஊரின் கடற்கரைக்கு முன்னுள்ள ஆழங்குறைந்த பகுதி யாட்டுகளுக்கு எஞ்சியது.

அங்கே நங்கூரம் பாய்ச்சுவதன் கணக்கு கடல் ஏற்றத்திலிருந்து தொடங்குகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் டோவரில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 6 மீட்டர்; ஆகவே வற்றத்தில் 3 மீட்டர் ஆழமுள்ள இடம் ஏற்றத்தில் 9 மீட்டராகும். படகின் முன்முனை நீருக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் என்று கொண்டு, அந்த 10 மீட்டருக்கு நான்கு மடங்கு என்ற வழக்கமான அளவில் 40 மீட்டர் சங்கிலி விடவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாமுவேல் பிரவுன் போன்றோரின் முயற்சியால் சணல் வடத்தின் இடத்தைப் பிடித்த இரும்புச் சங்கிலி, தன் எடையால் தரையோடு படிந்து, நங்கூரத்தை மேல்நோக்கி அல்லாமல் கிடையாக இழுப்பதால்தான் பிடி நிலைக்கிறது. ஆனால் நீர் வற்றியதும் அதே 40 மீட்டர், படகை அகன்ற வட்டத்தில் சுழலவிட்டு, பக்கத்துப் படகின்மீதோ கப்பல் பாதையிலோ கொண்டுபோய் நிறுத்தக்கூடும்; நெருக்கமான துறைமுகத்தில் பிடிப்புக்கு வேண்டிய நீளமும் இடத்துக்கு ஏற்ற நீளமும் ஒன்றாக அமைவதில்லை.

நங்கூரத்தின் வடிவமும் இதே நெருக்கடியில் பொருள் பெற்றது. பழைய நங்கூரத்தில் ஒரு கரம் தரையில் புதையும்போது மற்றொன்று நிமிர்ந்து நிற்கும். நீரோட்டம் திரும்பிப் படகு சுழன்றால் சங்கிலி அதைச் சுற்றிக்கொண்டு நங்கூரத்தைப் பிடுங்கிவிடும். பாய்மரப் படகோட்டத்தில் ஈடுபாடு கொண்ட கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜெஃப்ரி இங்கிராம் டெய்லர் 1933-ல் உருவாக்கிய சி.கியூ.ஆர். நங்கூரம், ஏர்க்கொழுவைப் போன்ற ஒற்றை அலகைக் கீல்வைத்த தண்டில் பொருத்தி, இழுக்க இழுக்க மண்ணுக்குள் ஆழமாகப் புதையுமாறு செய்தது. பிடிப்பை எடையைவிட வடிவமே தரமுடியும் என்பதால், ஓரிருவர் கையாளும் யாட்டுக்கு அது பேருதவியாயிற்று.

பிறர் கண்ணில் படுவதற்கான விதிகள் இந்த நங்கூரத்தினும் பழமையானவை. பிரிட்டனும் பிரான்சும் உடன்பட்டு 1863-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகள், நங்கூரமிட்ட கப்பல் இரவில் வெண்ணிற விளக்கேற்ற வேண்டும் என்றன. 1972-ல் வகுக்கப்பட்டு 1977-ல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதிகள், பகலில் கரிய உருண்டை ஒன்றை முன்புறம் ஏற்றவும், குறுகிய கால்வாயில் இயன்றவரை நங்கூரமிடாதிருக்கவும், 20 மீட்டருக்குக் குறைந்த படகுகளும் பாய்மரக் கலங்களும் அத்தகைய கால்வாயைவிட்டு விலகிச் செல்ல இயலாத பெருங்கப்பலைத் தடுக்காதிருக்கவும் பணித்தன. டோவரில் இவற்றுக்கும் மேலாகத் துறைமுகக் கட்டுப்பாட்டு நிலையத்தின் சொல்லே செல்லும். வானொலியின் 74-ஆம் அலைவரிசையில் அனுமதி பெறாமல் எந்த யாட்டும் வாயிலைக் கடக்கக் கூடாது, காத்திரு என்றால் ஃபெர்ரி போகும்வரை வெளியிலேயே காத்திருக்க வேண்டும்.