பள்ளி என்ற சொல் யாருடையது?

பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

இரண்டு கேள்விகள் அடிக்கடி என் காதில் விழுகின்றன. ஒன்று எங்கள் பிள்ளைகள் கேட்பது: "சேர், பள்ளி எண்டு சொல்லக்கூடாதாம், மஸ்ஜித் எண்டுதான் சொல்ல வேணுமாம். உண்மையோ?" மற்றது வெளியில் இருந்து வருவது: "நீங்கள் எப்ப வந்தனீங்கள்? உங்களுக்கும் இந்த மண்ணுக்கும் என்ன தொடர்பு?" இரண்டுக்கும் மறுமொழி அந்தப் "பள்ளி" என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் நாங்கள் அன்றாடம் அதை எப்படிப் புழங்குகிறோம் என்று பாருங்கள். "பள்ளிக்குப் போட்டு வாறன்" என்று ஒரு முஸ்லிம் வாப்பா சொன்னால் தொழுகைக்குப் போகிறார். "பள்ளிக்குடம் விட்டாச்சோ?" என்று ஒரு அம்மா கேட்டால் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கிறார். மார்கழியில் சைவக் கோயில்களில் விடியப்புறம் திருப்பள்ளியெழுச்சி. இரவில் பெரிய கோயில்களில் பள்ளியறைப் பூசை. பெருமாள் பாம்பணையில் "பள்ளிகொள்கிறார்". கூடப் படித்தவன் பள்ளித்தோழன். இறந்த அரசனின் நினைவாக எழுப்பிய கோயிலைச் சோழர் காலத்தில் பள்ளிப்படை என்றார்கள். கடைசியாக ஒன்று: நயினாதீவுக்கு வரும் சிங்களச் சகோதரர்களின் மொழியில் "பல்லிய" என்றால் கிறிஸ்தவ தேவாலயம். பள்ளிவாசலும் அவர்களுக்குப் பல்லியதான்.

படுக்கையும் பள்ளி, படிப்பிடமும் பள்ளி, வழிபாட்டிடமும் பள்ளி. இது எப்படி வந்தது?

அடிப்படைப் பொருள் தங்குமிடம், படுக்குமிடம். ஆட்கள் தங்கிய சிற்றூரும் பள்ளிதான். தெலுங்கில் பல்லெ, கன்னடத்தில் ஹள்ளி என்று அதே சொல் ஊர்ப்பெயர்களில் நிற்கிறது. வீடு வாசல் இல்லாத துறவிகள் மலைக்குகைகளில் தங்கினார்கள். அவர்கள் படுப்பதற்குக் கல்லைச் செதுக்கிப் படுக்கை செய்து கொடுத்தார்கள். அந்தக் குகைகளும் பள்ளி எனப்பட்டன. மதுரைக்குப் பக்கத்தில் மாங்குளத்தில் உள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒரு சமணத் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியைச் சொல்கிறது. அதைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் வைத்தார் ஐராவதம் மகாதேவன். துறவிகள் இருந்த இடத்தில் ஓதலும் படிப்பும் நடந்தன. பள்ளிக்கூடம் என்ற பெயர் அந்த வழியாக வந்தது என்று அறிஞர் பலர் சொல்வார்கள்.

சமணரோடு இந்தச் சொல் நிற்கவில்லை. சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சி, மதுரை நகரில் இருந்த பௌத்தர் இடத்தையும் பள்ளி என்கிறது, அந்தணர் இடத்தையும் பள்ளி என்கிறது. எங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர்கள் கட்டிய சூளாமணிவர்ம விகாரைக்கு 1006ஆம் ஆண்டளவில் முதலாம் இராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தைக் கொடுத்தான். சைவ அரசன், பௌத்த விகாரை. அந்தச் செப்பேட்டில் விகாரையின் பெயரோடு பள்ளி என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. இங்கே திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் வெல்கம் விகாரையைப் போய்ப் பாருங்கள். அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளில் அதன் பெயர் "இராஜராஜப் பெரும்பள்ளி". தமிழ் பேசிய பௌத்தர்கள் விளக்கெரிக்கத் தானம் கொடுத்த இடம் அது.

கிறிஸ்தவருக்கும் அதே சொல்தான். கி.பி. 849இல் கொல்லத்தில் வேணாட்டு ஆட்சியாளர் ஒருவர் சிரிய கிறிஸ்தவர்களின் தேவாலயத்துக்கு உரிமைகள் கொடுத்தார். அந்தத் தேவாலயத்தின் பெயர் தரிசாப்பள்ளி. அந்தச் செப்பேட்டில் சாட்சிகள் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். சிலர் கூஃபி எழுத்தில் அரபியிலும், சிலர் பஹ்லவியிலும், சிலர் எபிரேய எழுத்திலும். கிறிஸ்தவரின் பள்ளிக்கு முஸ்லிம்களும் யூதர்களும் சாட்சி. இதை ஒருதரம் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது எங்களுடைய பள்ளிக்கு வருகிறேன். இராமநாதபுரத்துக்கு அருகே திருப்புல்லாணியில், பெருமாள் கோயிலில், 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் இருந்த "சோனகச் சாமந்தப் பள்ளி"க்குக் கொடுத்த நிலக்கொடையை அது சொல்கிறது. சோனகர் என்றால் நாங்கள்தான். எங்கள் பள்ளிவாசலுக்குக் கொடுத்த கொடை பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்டிருக்கிறது.

நயினாதீவு அம்மன் கோயிலிலும் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு வெட்டுவித்தது. பிற நாட்டார் ஊராத்துறைக்கு வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும், யானை குதிரை ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒன்று பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவருக்கு, வேறு சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி என்று அதில் வருகிறது. பள்ளி என்ற சொல்லுக்காக இதை நான் சொல்லவில்லை. சிங்கள மன்னன் ஒருவன் எங்கள் ஊர்காவற்றுறையில் வந்து இறங்கும் பிற நாட்டாரைப் பற்றிய ஆணையைத் தமிழில் வெட்டுவித்தான். அந்தக் காலத்தில் இந்தக் கடலின் வியாபார மொழிகளில் தமிழ் ஒன்று. கடலால் வந்த முஸ்லிம்கள் இங்கே பெண்ணெடுத்து, பிள்ளை பெற்று, அந்த மொழியைத் தங்கள் தாய்மொழியாக்கினார்கள். தொழும் இடத்துக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது ஊரில் ஏற்கெனவே புழங்கிய மரியாதையான சொல்லை எடுத்தார்கள். ஊரும் "அது எங்கள் சொல்" என்று தடுக்கவில்லை.

ஆகவே பிள்ளைகளுக்கு என் மறுமொழி இது. மஸ்ஜித் என்பது ஸுஜூது செய்யும் இடம், குர்ஆன் சொன்ன சொல். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பள்ளி என்று சொல்வதால் மார்க்கத்தில் ஒரு குறையும் வந்துவிடாது. நமாஸ், ரோஸா என்று சொன்னால் கூடுதல் மார்க்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவை அரபுச் சொற்களே அல்ல, பாரசீகச் சொற்கள். பாரசீகர் தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள். எங்கள் மூத்தவர்கள் தங்கள் மொழியில் தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளி என்று வைத்தார்கள். ஓதுவது அரபியில், பெயர் சொல்வது தாய்மொழியில்.

"எப்ப வந்தனீங்கள்?" என்பவர்களுக்கும் அதே மறுமொழிதான். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ் நகரத்தில் 30ஆம் திகதி கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வீட்டையும் கடையையும் விட்டுவிட்டுப் போனோம். புத்தளத்து முகாம்களில் ஓலைக்கொட்டில் போட்டுத் தொழுதோம், ஓலைக்கொட்டில் போட்டுப் படிப்பித்தோம். இரண்டையும் பள்ளி என்றே சொன்னோம். உறுதிப் பத்திரம் தொலைந்த குடும்பங்கள் உண்டு. இந்தச் சொல்லை மட்டும் எங்கள் வாயில் இருந்து யாராலும் பறிக்க முடியவில்லை.

வடக்கில் ஒரு பௌத்த எச்சம் கிடைத்தால் இன்றைக்கு இரண்டு பக்கமும் சண்டைக்கு நிற்கிறது. தமிழ் பேசியவர்கள் பௌத்தர்களாகவும் இருந்தார்கள், தங்கள் விகாரையைப் பள்ளி என்றே அழைத்தார்கள் என்பது தெரிந்தால் அந்தச் சண்டையில் பாதி குறையும். நயினாதீவில் அம்மன் கோயில், நாகவிகாரை, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் எல்லாம் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கின்றன. நாலுக்கும் இந்தச் சொல்லில் பங்குண்டு. ஒருவர் எடுத்ததால் மற்றவருக்குக் குறையவில்லை.

மண்கும்பான், வேலணை, நயினாதீவு, நெடுந்தீவுப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் "பள்ளி" சேர்ந்த காணிப்பெயர், கிணற்றுப்பெயர், ஒழுங்கைப்பெயர் ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். எழுத முடியாதவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும். நாங்கள் சேர்த்து வைத்தால்தான் எங்கள் மாணவர்கள் நாளைக்கு வாசிப்பார்கள்.

அல்லாஹ் எல்லோருக்கும் நல்லருள் புரிவானாக.