வெளியேறும் வாயில்: எஸ்கேப் விசையின் வரலாறு

பாரதக் கதையிலே அபிமன்யு சக்கரவியூகத்தினுள் நுழையும் வழியை அறிந்திருந்தான். மீளும் வழியை அறிந்திலன். கணினியின் முன் அமர்ந்து படிவம் நிரப்புவோர்க்கு அத்தகைய இடர் நேராதிருத்தற்பொருட்டு, விசைப்பலகையின் இடப்புற மேல் மூலையிலே ஒரு விசை வைக்கப்பட்டிருக்கிறது. அதுவே எஸ்கேப் விசை. ஆயினும், மீள்பவர் தம் உழைப்பின் பயனையும் உடன்கொண்டு மீள்கின்றாரா, அதனை உள்ளேயே இழந்து மீள்கின்றாரா என்பது வேறொரு வினா. அவ்வினாவுக்கு விடை தேடிய கதையே இவ்விசையின் வரலாறு.

இவ்விசை தோன்றிய காலத்தில் மனிதர் தப்புவதற்கென அமைக்கப்பட்டதன்று. 1960 ஆம் ஆண்டளவில் எழுத்துக்களை எண்களாக மாற்றும் குறியீட்டு முறைகள் பல வழங்கின; ஒரு பொறி எழுதியதை மற்றொரு பொறி படிக்க இயலவில்லை. ஐ. பி. எம். நிறுவனத்திற் பணிபுரிந்த பொப் பீமர் என்பார் இதற்கொரு வழி கண்டார். 'இனி வருவனவற்றை வேறு முறையிற் பொருள்கொள்க' எனப் பொறிக்கு அறிவிக்கும் தனிக்குறி ஒன்றே அவர் கண்ட வழி. 1963 இல் வெளியான ஆஸ்கி என்னும் பொதுக் குறியீட்டில் அக்குறி இடம்பெற்றது; 1967 இன் திருத்தப் பதிப்பில் அதற்கு 27 என்னும் எண் நிலைத்தது. ஆகவே, முதலில் 'தப்புதல்' என்றது ஒரு குறியீட்டு முறையினின்றும் மற்றொன்றுக்குச் செல்லுதலையே ஆகும்.

பின்னர் அப்பொருள் மெல்ல மாறலாயிற்று. 1976 இல் கலிபோர்னியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் பில் ஜோய் 'வி' என்னும் எழுத்துத் தொகுப்பியை ஆக்கினார். அதிலே எழுதும் நிலையினின்றும் கட்டளையிடும் நிலைக்குத் திரும்ப எஸ்கேப் விசை பயன்பட்டது. எழுதிய சொற்கள் அப்படியே இருந்தன, ஒன்றும் அழியவில்லை. 1987 இல் ஐ. பி. எம். நிறுவனம் வெளியிட்ட பொதுப் பயனர் விதிமுறைகளோ இவ்விசைக்கு 'இரத்து' என்னும் பொருளைக் கொடுத்தன. விண்டோஸ் முறையும் அவ்வழியே சென்றது: என்டர் விசை 'ஆம்' என ஏற்கும், எஸ்கேப் விசை 'வேண்டாம்' என விலக்கும்.

இடர்ப்பாடு தொடங்கியது இங்கேதான். இரண்டொரு தெரிவுகள் மட்டுமே கொண்ட சிறு பெட்டியை இரத்துச் செய்வதால் இழப்பு அதிகமில்லை. ஆனால், நாற்பது கட்டங்களுள்ள பெரும் படிவமும் அதே வகையான சாளரத்திலேயே வந்து நின்றது. எழுதுவினைஞர் ஒருவர் அரைமணி நேரம் உழைத்து நிரப்பிய விபரங்கள், கைதவறி ஒரு விசை அமுங்கிய மாத்திரத்தில் மறைந்துபோகக்கூடும். நன்மைக்கென வைத்த வாயில் படுகுழியாயிற்று.

இதனைத் தடுக்க எழுந்ததே 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்னும் கேள்வி. சேமி, சேமிக்காதே, இரத்து என மூன்று விடைகள் அதற்கு உண்டு. இங்கே 'இரத்து' என்பது வெளியேறும் எண்ணத்தையே கைவிட்டுப் படிவத்திற்குத் திரும்புதலைக் குறிக்கும். ஆதலின், இக்கேள்வியின்போது மீண்டும் எஸ்கேப்பை அழுத்தினால் எதுவும் அழியாது படிவம் நிலைத்திருத்தல் வேண்டும். பதற்றத்தில் இருமுறை அழுத்துபவரைக் காப்பது இந்த ஒழுங்கே.

எனினும், கேள்வி கேட்பதற்கும் ஓர் அளவுண்டு. எதுவும் மாறாதபோதும் ஒவ்வொரு தடவையும் கேட்டால், பயனர் படியாமலே 'ஆம்' என்பதற்குப் பழகிவிடுவார். உண்மையான அபாயம் வரும்போதும் அப்படியே செய்வார். ஆகவே, படிவம் திறந்தபொழுது இருந்த விபரங்களைப் பொறி நினைவில் வைத்து, மூடும்பொழுது ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மாத்திரமே வினவுதல் முறையாகும். ஓரெழுத்தைத் தட்டிப் பின் அதனையே அழித்தவரிடம் கேட்பதற்கு ஏதுமில்லை.

ஓர் அழுத்தத்திற்கு ஒரு படி என்பது மற்றொரு நெறி. விரிந்த பட்டியல் ஒன்று திறந்திருந்தால், எஸ்கேப் அதனை மட்டுமே மூடவேண்டும், படிவத்தை அன்று. யப்பானிய மொழியிலே சொல்லொன்று உருவாகிக்கொண்டிருக்கையில் இவ்விசையை அழுத்தினால், அச்சொல்லை மட்டுமே அது விலக்குதல் தகும். 1992 இல் வெளிவந்த மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் அக்ஸஸ் இந்நெறிக்கு நல்ல சான்று: முதல் அழுத்தம் நிரப்பிக்கொண்டிருந்த கட்டத்தை மட்டும் முன்னிருந்தவாறு ஆக்கும், அடுத்த அழுத்தமே பதிவு முழுவதையும் பழைய நிலைக்குக் கொணரும்.

பின்வந்தோர் கேள்வியையே ஒழிக்க முயன்றனர். 2006 இல் தோன்றிய கூகுள் டொக்ஸ் எழுத எழுதத் தானே சேமித்தது. 2011 இல் அப்பிள் நிறுவனத்தின் மக் கணினிகளும் அவ்வழக்கத்தை மேற்கொண்டன. கட்டுரை எழுதுவோர்க்கு இஃது பெரும் பேறு. ஆனால், வைத்தியசாலைப் பதிவேட்டுக்கோ வங்கிக் கணக்குக்கோ அது அவ்வாறே பொருந்தாது. பாதி எழுதிய மருந்தளவு, முழு உண்மையெனப் பதிவேட்டில் ஏறிவிடலாகாது. அங்கே முடியாத எழுத்தை வரைவாகத் தனியே காத்து, எழுதியவர் உறுதிசெய்த பின்னரே பதிவேட்டிற் சேர்த்தல் வேண்டும்.

2016 இல் அப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகள் சிலவற்றில் எஸ்கேப் விசையை நீக்கி, தொடுதிரைக் கீற்றொன்றில் அதன் உருவை மட்டும் காட்டியது. பயன்படுத்துவோர் பலர் குறைகூறினர். 2019 இல் உண்மை விசை மீண்டும் வந்தது. அவர்கள் கேட்டது வெறும் பிளாஸ்ரிக் துண்டையன்று. கண்ணால் நோக்காமலே விரல் சென்று தொடக்கூடிய வாயிலை. அவ்வாயிலின் வழியே வெளியேறுவோர் தாம் எழுதியதை இழக்காதபடி காத்தல், படிவத்தை ஆக்குவோர் கடனாகும்.