உயிர்ப் பொறியியலும் பல்கலைக்கழகக் கல்வியும்

நாவலப்பிட்டியைக் கடந்து செல்லும் மகாவலி கங்கை பேராதனையை அடையுமிடத்தில் உயர்கல்வி வேரூன்றிய வரலாறு நம்மவர் அறிந்ததே. 1942 இல் கொழும்பிலே தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இற் பேராதனைக்குப் பெயர்ந்தது. மருத்துவபீடம் 1962 இல் அங்கு எழுந்தது. 1950 இற் கொழும்பில் தொடங்கிய பொறியியற்பீடம் 1964 இல் வந்து சேர்ந்தது. ஆயின் மருத்துவம் ஆற்றின் ஒரு கரையிலும் பொறியியல் மறு கரையிலும் அமைந்தன. ஆற்றைக் கடக்க அக்பர் பாலம் உண்டு. இரு கல்விகளையும் இணைக்கும் பாலம் எத்தகையதாதல் வேண்டும்?

உடலின் இயக்கத்தைப் பொறியியன் முறையால் ஆராய்ந்து, அதற்குதவும் கருவிகளை ஆக்குவது உயிர்ப் பொறியியல். இதனைப் பயில்வோன் உலோகத்தின் இயல்பையும் குருதியின் இயல்பையும் ஒருங்கே உணர்தல் வேண்டும். இரண்டையும் வெவ்வேறு வகுப்புக்களிற் கேட்டெழுதிக்கொள்வதால் அவ்வுணர்வு கைகூடாதென்பதற்குத் திருவனந்தபுரத்து வரலாறு சான்றாகும்.

அங்கு ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் 1980 இல் இந்தியப் பாராளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவமுடையதாக்கப்பட்டது. மருத்துவமனையும் கருவிகளை ஆக்கும் ஆய்வுகூடமும் அங்கே ஒரே நிருவாகத்தின் கீழ் இயங்கின. இருதய சத்திரவைத்தியர் எம். எஸ். வலியத்தான் தலைமையிற் செயற்கை இருதய வால்வு ஒன்றை ஆக்க முயன்றனர். வாதக்காய்ச்சலால் இளமையிலேயே வால்வு சிதைந்தோர் பலர். பிறநாட்டு வால்வின் விலையோ ஏழைக்கு எட்டாதது. இருதயம் நிமிடத்திற்கு 70 முறை துடிப்பதெனக் கொண்டால், ஆண்டொன்றில் அவ்வால்வு மூன்றரைக் கோடிக்கு மேற்பட்ட முறை திறந்து மூடவேண்டும். எந்த உலோகம் அதனைத் தாங்கும்? முதல் மூன்று அமைப்புக்களும் தவறின. கோபாற்றுக் குரோமியக் கலப்புலோகச் சட்டமும் பொலியெதிலீன் தட்டும் கொண்ட நான்காவது அமைப்பே 1990 திசெம்பரில் மனித இருதயத்திற் பொருத்தப்பெற்றது.

பொறியியலாளர் சத்திரவைத்தியரை வழிபடவுமில்லை. சத்திரவைத்தியர் பொறியியலாளரை ஏவலாளராக்கவுமில்லை. நம் நாட்டுப் பீடங்களுக்கு இதுவே அரிதான பாடமென்று கருதுகின்றேன். பின்னாளிற் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகமும், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், இந்நிலையமும் கூடி மருத்துவமனைப் பொறியியலில் முதுநிலைப் பட்டக்கல்வியை நடாத்தலாயின. அதில் மாணாக்கர் மருத்துவமனைக்குட் சென்று கருவிகளின் குறையை நேரிற் காண்கின்றனர்.

பேராதனையிலும் மாணாக்கரின் இறுதியாண்டு ஆய்வேனும் நோயாளர் விடுதியிற் கண்ட ஒரு குறையிலிருந்து பிறத்தல் வேண்டும். அதனை ஒரு பொறியியலாசிரியரும் ஒரு மருத்துவாசிரியரும் சேர்ந்தே மதிப்பிடுக. வகுப்பறையில் வலியத்தானின் வால்வைக் கற்பிப்போர், வெற்றியுற்ற நான்காவதைப் படத்தில் வரைந்து காட்டி அமையாது, தவறிய மூன்றையும் மாணாக்கர்முன் வைத்து, ஒவ்வொன்றும் எவ்விடத்து ஏன் பழுதுற்றது எனக் கேட்டல் வேண்டும்.